ஸ்பேனர் பிடித்த கைக்குக் கணக்கு வரும்

6204. பம்பு, மோட்டார் கழற்றிப் பூட்டும் எந்தப் பட்டறையிலும் ஒரு நாளில் பலமுறை காதில் விழும் எண் இது. பேரிங்கின் ஓரத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் 20 வரும். அந்த பேரிங் உட்காரும் ஷாஃப்ட்டின் விட்டம் 20 மில்லிமீட்டர். 6205 என்றால் 25, 6206 என்றால் 30. 04-க்குக் கீழே இந்தப் பெருக்கல் செல்லாது. 6203-க்கு 17, 6202-க்கு 15 என்று அவற்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் நிற்கும் 62-க்கும் பொருள் உண்டு. அதே 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுக்கு 6305 என்று ஒரு பேரிங் இருக்கிறது. உள்விட்டம் ஒன்றுதான், வெளிவிட்டம் 52-க்குப் பதில் 62. கூடுதல் பாரம் தாங்கும். பேரிங் கடையில் போய் “ஷாஃப்ட் 25” என்று சொன்னால், எடுத்துக் கொடுக்கும் இளைஞர் “62-ஆ, 63-ஆ?” என்றுதான் திருப்பிக் கேட்பார். 25-ஐ ஐந்தால் வகுத்து முடித்த பிறகு பிறக்கும் கேள்வி அது. இப்படி வகுக்கவும் பெருக்கவும் தெரிந்த எத்தனையோ பேர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வராதவர்கள் என்று பெயர் வாங்கி வெளியே வந்தவர்கள்.

‘எனக்குக் கணக்கு வராது’ என்ற ஒரு வரி தமிழ்நாட்டில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே திருப்பிவிடுகிறது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்த குரூப், பாலிடெக்னிக்கா ஐ.டி.ஐ.யா, இல்லை நேராக வேலைக்கா என்று பலவற்றையும் அந்த ஒரு வரி முடிவுசெய்துவிடுகிறது. இப்படிச் சொல்லும் பிள்ளைகளுக்கு வழி சொல்பவர்கள் நீட்டுகிற பட்டியலில் அசெம்பிளி வேலைக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. கையால் செய்கிற வேலை, பெரிய படிப்பு வேண்டாம், எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பார்கள். இந்த அறிவுரையில் பாதி சரி. கணக்குப் பாடத்தைக் கண்டு ஒதுங்கும் பிள்ளைக்கு இயந்திரங்களைப் பூட்டும் வேலை மிகப் பொருத்தமாக அமையலாம். அங்கே எண் இரும்பாகவும் இடைவெளியாகவும் இறுக்கமாகவும் கைக்கு அகப்படுகிறது; அதுதான் காரணம். எண்ணே கண்ணில் படாத அசெம்பிளி வேலையும் இருக்கிறது. அது, எண்ணைத் தொழிலாளியின் கையிலிருந்து எடுத்து வேறெங்கோ பூட்டி வைத்துவிட்ட வேலை. அந்த வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவர்களுக்குப் பிடித்ததைக் கொடுத்துவிட்டோம் என்று நாம் நிம்மதி அடையக் கூடாது. என் வாதம் இவ்வளவுதான். ஆனால் இதற்கு மறுப்புகள் பல உண்டு. அவற்றில் சில வலுவானவை.

அசெம்பிளி என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, ஃபிட்டர் செய்யும் அசெம்பிளி. கோயம்புத்தூரில் பம்பும் மோட்டாரும் நூற்பாலை இயந்திரமும், ஓசூரில் இயந்திரக் கருவிகளும் உருவாகும் இடங்களில் இதைக் காணலாம். ஒரு வரைபடம், ஒரு குவியல் உதிரிப் பாகங்கள், ஒன்றிரண்டு ஆட்கள். பேரிங்கைச் சூடேற்றி ஷாஃப்ட்டில் ஏற்றுவது, இம்பெல்லரைப் பூட்டி கையால் சுழற்றிப் பார்ப்பது, மோட்டாரும் பம்பும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று டயல் கேஜ் வைத்துச் சரிசெய்வது எல்லாம் இதில் அடக்கம். இன்னொன்று, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போன்ற இடங்களின் பெரிய ஆலைகளில் ஓடும் லைன் அசெம்பிளி. வேலை நம்மைத் தேடி வரும். ஒரு நிமிடத்துக்குள் நான்கைந்து அசைவுகளை முடித்தாக வேண்டும். முடித்ததும் அடுத்தது வந்துவிடும். முதல் வேலையில் பத்து ஆண்டு இருந்தவர் பத்து ஆண்டு அனுபவம் பெற்றவர். இரண்டாவதில் பத்து ஆண்டு இருந்தவர், ஒரே நிமிடத்தைப் பல லட்சம் முறை வாழ்ந்தவராக இருக்கும் ஆபத்து உண்டு. கணக்குக்குப் பயந்த பிள்ளைகள் பெரும்பாலும் போய்ச் சேருவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

இந்தப் பிளவு எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1913-இல் அமெரிக்காவின் ஹைலேண்ட் பார்க்கில் ஃபோர்டு ஆலை நகரும் லைனைக் கொண்டுவந்தது. ஒரு காரின் சேஸிஸைப் பூட்ட சுமார் 12½ மணி நேரம் பிடித்த வேலை, அடுத்த ஆண்டுக்குள் ஏறக்குறைய 93 நிமிடமாகச் சுருங்கியது. அதற்கு முன் கார் பூட்டியவர்கள் கைதேர்ந்த ஃபிட்டர்கள். ஒரு பாகம் சரியாக உட்காரவில்லை என்றால் அரம் எடுத்து ராவி உட்கார வைத்தவர்கள். லைனில் அதற்கு இடமில்லை. பாகங்கள் எல்லாம் முன்கூட்டியே அச்சு பிசகாத அளவில் வந்துவிட வேண்டும். அளக்கும் வேலையும் அளவைத் தீர்மானிக்கும் வேலையும் லைனுக்கு வெளியே, வேறு மேசைக்கு, வேறு சம்பளக்காரரிடம் போய்விட்டன. லைனில் நின்றவரிடம் மிஞ்சியது அசைவு மட்டும். 1913-இல் ஃபோர்டு ஆலையை விட்டு ஓடியவர்கள் ஏராளம். சுமார் 14,000 பேரை வேலையில் நிறுத்திவைக்க 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914-இல் நாளுக்கு ஐந்து டாலர் கூலி அறிவிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். எண்களிலிருந்து விடுதலை கிடைத்த வேலை மனிதர்களுக்கு இனிக்கவில்லை என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது.

இன்றைய லைனில் எண் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு போல்ட் போதும். எம்10 போல்ட் என்றால் மரைப்பகுதியின் விட்டம் 10 மில்லிமீட்டர். அதன் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். முதல் எட்டை நூறால் பெருக்கினால் 800. அந்த எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 800 நியூட்டன் இழுவிசைக்குப் பிறகுதான் அறும். புள்ளிக்குப் பின்னுள்ள எட்டு, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை, அதாவது 640 வரை, இழுத்தாலும் விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்று சொல்கிறது. இந்த போல்ட்டை இறுக்க வேண்டிய முறுக்கு ஏறத்தாழ 45 முதல் 50 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் பத்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன முறுக்கு கிடைக்குமோ, அதுதான் இது. அப்படிக் கொடுக்கும் முறுக்கிலும் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டி இரண்டு பாகங்களையும் கவ்விப் பிடிக்கிறது. மீதி ஒன்பது பங்கைத் தலைக்கு அடியிலும் மரையிலும் உள்ள உராய்வு தின்றுவிடுகிறது. அதனால்தான் மரையில் கொஞ்சம் ஆயில் பட்டுவிட்டால், அதே முறுக்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடுகிறது. லைனில் நிற்பவருக்கு இவற்றில் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. கையில் இருக்கும் மின் இறுக்கி தானாக நின்று பச்சை விளக்கு எரியும். அடுத்த போல்ட்டுக்குப் போகலாம். ஆனால் ஆயில் பட்ட போல்ட்டுக்கும் அதே பச்சை விளக்குத்தான் எரியும். அதைக் கண்டு கையை நிறுத்தக்கூடியவர், விளக்குக்குப் பின்னால் இருக்கும் கணக்கைத் தெரிந்தவர் மட்டுமே.

‘கணக்கு வராத பிள்ளைக்கு இதெல்லாம் எப்படி ஏறும்?’ என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நல்ல சான்றுகள் இருக்கின்றன. பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற 9 முதல் 15 வயதுள்ள ஐந்து பிள்ளைகளை தெரெசின்யா நூனிஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் ஆராய்ந்து 1985-இல் எழுதிய கட்டுரை கல்வி உலகில் புகழ்பெற்றது. வியாபாரத்தின் ஊடே வாடிக்கையாளர் போலக் கேட்டபோது அந்தப் பிள்ளைகள் சொன்ன விடைகளில் 98 விழுக்காடு சரி. அதே எண்களை வெறும் கூட்டல், பெருக்கல் கணக்காகத் தாளில் கொடுத்தபோது சரியான விடை 37 விழுக்காடுதான். பத்துத் தேங்காய் என்ன விலை என்று கேட்டால், மூன்று காயாகச் சேர்த்துச் சேர்த்து ஒன்பது வரை போய், கடைசியில் ஒன்றைக் கூட்டிய பையன், பத்தால் பெருக்க ஒரு பூஜ்ஜியம் போட்டால் போதும் என்ற பள்ளிக்கூடத்து வழியைத் தேடவே இல்லை. ஆளும் அதே ஆள், எண்ணும் அதே எண். எண் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும் மாறியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே கண்டது. கூடவே இன்னொன்றையும் கண்டது: பள்ளியில் கணக்கு நன்றாகப் போடும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

இந்த இரண்டாவது முடிவை நாம் விழுங்கிவிடக் கூடாது. கைக்கணக்கு தானாக ஏட்டுக்குப் போவதில்லை. ஏட்டுக்கணக்கும் தானாகக் கைக்கு இறங்குவதில்லை. நடுவே யாராவது பாலம் கட்ட வேண்டும். இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் 2023-இல் எடுக்கப்பட்ட ‘அசர்’ கல்விக் கணக்கெடுப்பில் ஒரு சின்னக் கேள்வி இருந்தது. ஒரு பொருளை ஸ்கேலின் பூஜ்ஜியத்தில் வைத்து நீளம் கேட்டபோது ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். அதே பொருளைச் சற்றுத் தள்ளி வைத்துக் கேட்டபோது சரியாகச் சொன்னவர்கள் 39 விழுக்காடு. தேவைப்பட்டது ஒரு கழித்தல்தான். அந்தக் கழித்தல் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். ஸ்கேல் என்பது எண் எழுதிய பலகை இல்லை, இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள தூரம் என்பதைக் கையால் உணர வாய்ப்புக் கிடைக்காதவர்கள். ஃபிட்டர் பயிற்சியின் முதல் மாதங்களில் ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவித் தட்டையாக்கச் சொல்வார்கள். ட்ரை ஸ்கொயரை அதன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், மேடு பள்ளம் இருக்கும் இடத்தில் ஒளிக்கீற்று கசியும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு என்பது அங்கே ஒரு வெளிச்சம். அதைக் குறைக்கக் கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொள்கிறவர் தசம எண்ணைத்தான் கற்றுக்கொள்கிறார். ஷிம் தகடுகளும் இப்படியே. மோட்டாரின் ஒரு கால் 0.15 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் 0.10 தகடு ஒன்று, 0.05 தகடு ஒன்று சொருக வேண்டும். தசமப் புள்ளியைக் கூட்டுவதற்கு இதைவிடத் தெளிவான பாடப்புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் எண்ணே எதற்கு, கைப்பழக்கமும் கண்ணளவும் போதாதா என்று எதிர்த்திசையிலிருந்து ஒரு கேள்வி வரும். தொழிலை நேசிப்பவர்களே இதைக் கேட்பார்கள். அதனால் இதற்குக் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன் கண்ணாடி, 17,000 அடிக்கு மேலே பறக்கையில் பிடுங்கிக்கொண்டு போனது. விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. சக ஊழியர்கள் கால்களைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். விமானி உயிர் பிழைத்தார். முந்தைய நாள்களில் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. அதைப் பூட்டிய 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை. மீதி ஆறு விட்டத்தில் சரி, நீளத்தில் 0.1 அங்குலம் குறைவு. வேலையைச் செய்தவர் அனுபவம் மிக்கவர், மனசாட்சியோடு உழைப்பவர். பட்டியலில் பாக எண்ணைத் தேடாமல், கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மங்கலான வெளிச்சத்தில் கண்ணால் பொருத்தி எடுத்தார். அதிலும், அவர் மாதிரியாக வைத்துக்கொண்ட பழைய போல்ட்டே தவறான அளவு. 0.026 அங்குலம் என்பது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் தச்சர்கள் நூல் என்று சொல்லும் அரைக்கால் அங்குலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பிய அந்த வித்தியாசத்தை வெர்னியர் ஒரு நொடியில் காட்டியிருக்கும். கை அறிவு பெரிது என்று சொல்வதற்காக எண்ணைச் சிறிதாக்கக் கூடாது. அரை நூலுக்கும் குறைவான இடத்தில் உயிர்கள் தொங்கும் தொழில் இது.

தவறு நடக்காதபடி வேலையையே வடிவமைத்துவிட்டால் என்ன என்ற யோசனை ஜப்பானில் பிறந்தது. பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1961-இல் ஓர் ஆலையில் பார்த்த சுவிட்ச் எளிமையானது: இரண்டு பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சின்னச் சுருள்வில் வைக்க வேண்டும், அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுவார்கள். வேலையைத் தொடங்கும் முன் டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து ஒரு சிறு தட்டில் வையுங்கள் என்றார் ஷிங்கோ. முடித்த பிறகு தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால், மறந்தது அங்கேயே தெரிந்துவிடும். இத்தகைய ஏற்பாடுகளுக்கு முதலில் ‘பகா யோகே’ என்று பெயர். முட்டாள்தனத்தைத் தடுப்பது என்று பொருள். 1963-இல் இன்னோர் ஆலையில் இந்தப் பெயரைக் கேட்ட பெண் தொழிலாளி ஒருவர், நான் முட்டாளா என்று அழுதார். அதற்குப் பிறகு ஷிங்கோ அதை ‘போகா யோகே’ என்று மாற்றினார். கவனப்பிசகைத் தடுப்பது என்று பொருள். ஓர் எழுத்து மாற்றம் போலத் தெரிந்தாலும் இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ‘நீ தெரியாதவன், அதனால் உனக்குத் தடுப்பு’ என்பது ஒன்று. ‘நீ தெரிந்தவன், ஆனாலும் மனிதன்’ என்பது மற்றொன்று. தட்டு, வண்ணக் குறி, உள்ளே போகும் முனை–போகாத முனை என்ற இரட்டை கேஜ் ஆகிய எல்லா உதவிகளையும் இந்த இரண்டாவது மனநிலையோடு நம் ஆலைகள் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் முதல் மனநிலையோடுதான் கொடுக்கப்படுகின்றன என்பது என் வருத்தம்.

எண்களோடு உண்மையாகவே போராடும் சிலர் இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கணக்குக் கற்றல் குறைபாட்டை 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுக்கு மேற்சொன்ன கேஜும் வண்ணக் குறியும் சலுகை இல்லை, உரிமை. அவர்களை எண் கேட்டு வதைக்கக் கூடாது. ஆனால் கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்த வகையினர் அல்லர். கரும்பலகை முன்னால் நிற்க வைத்து அவமானப்படுத்தப்பட்டவர்கள், எட்டாம் வகுப்பில் விட்ட ஒரு படியைப் பிறகு ஏறவே முடியாமல் போனவர்கள். பதற்றம் மனத்தின் வேலையிடத்தைப் பிடித்துக்கொண்டால் கூட்டலுக்கு அங்கே இடம் இருக்காது என்று மார்க் ஆஷ்கிராஃப்ட் போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயத்துக்கு மருந்து தேடாமல், பயத்துக்கு ஏற்ற வேலையைத் தேடிக் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது.

‘லைனில் நிமிடக் கணக்கில் வேலை ஓடும்போது போல்ட்டின் இழுவிசை தெரிந்து தொழிலாளி என்ன செய்யப்போகிறார், ரோபோ வந்துகொண்டிருக்கும் காலத்தில் இதெல்லாம் வீண் செலவு’ என்பது ஆலை நிர்வாகங்களின் பதில். செலவு என்பது உண்மைதான். லைனையே எடுத்துவிட்டு, சிறு குழு ஒன்று முழுக் காரையும் பூட்டும் ஆலையை ஸ்வீடனின் உத்தேவல்லாவில் வால்வோ 1989-இல் திறந்தது. 1993-இல் மூடியும் விட்டது. அந்த வழியில் எல்லோரும் போக முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரோபோ வரும் என்ற வாதம் எனக்குச் சாதகமானது. ரோபோ முதலில் பிடிக்கும் இடம், எண் பறிக்கப்பட்டு அசைவு மட்டும் மிஞ்சிய வேலைதான். ரோபோவை அமைப்பவரும், அதன் பிடி 0.2 மில்லிமீட்டர் விலகிவிட்டது என்று கண்டுபிடிப்பவரும், மின் இறுக்கியைச் சரிபார்ப்பவரும் ஆலைக்குள் இருந்தாக வேண்டும். அந்த இடங்களுக்கு லைனிலிருந்தே ஆள் ஏறி வர முடியுமா, அல்லது வெளியிலிருந்து டிப்ளமோக்காரரைக் கொண்டுவர வேண்டுமா என்பதுதான் கேள்வி. இந்திய ஆலைத் தொழிலாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் இன்று ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆளுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. மறு ஆண்டு அவர் இருக்கப்போவதில்லையே! நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இது நாம் பெருமைப்படும் எண். மின்னணு ஆலைகளில் சில ஆண்டுகள் லைனில் நின்றுவிட்டு ஊர் திரும்பும் இளம்பெண், கையில் என்ன தொழிலோடு திரும்புகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தப் பெருமை முழுமை பெறும்.

எனக்கு மிகவும் கனமாகத் தெரிகிற மறுப்பு வேறொன்று. கையால் கற்பது, தொழில்வழிக் கல்வி என்று பேச்செடுத்தாலே தமிழ்நாட்டுக்கு 1953 நினைவுக்கு வரும், வர வேண்டும். அரை நாள் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டார். கணக்கு வராத பிள்ளைக்கு ஸ்பேனர், வரும் பிள்ளைக்குக் கல்லூரி என்று பிரிக்கத் தொடங்கினால், அந்தக் கோடு எந்தத் தெருக்களின் நடுவே போய் விழும் என்பது நமக்குத் தெரியும். இந்த அச்சத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். எண் இல்லாத வேலை என்று ஒன்றைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதும் அதனால்தான். கணக்கிலிருந்து ஒதுக்கி வைப்பது பழைய ஒதுக்கலின் இன்னொரு முகமாகிவிடும். கை வழியாகக் கணக்குக்குள் அழைத்துப் போவது அதற்கு நேர் எதிரானது. அந்த வழி எல்லாப் பிள்ளைகளுக்கும், முதல் மதிப்பெண் வாங்குபவருக்கும்கூட, தேவைப்படுகிறது என்பதைத்தான் கொல்கத்தா ஆய்வு காட்டுகிறது. இந்தப் பேச்சில் ஜி.டி. நாயுடுவை யாராவது இழுப்பார்கள். பள்ளிக்கூடத்தோடு ஒட்டாத அவர், மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்தே கற்றவர். 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார்களில் ஒன்று கோவையில் உருவானதில் அவருக்குப் பங்குண்டு. ஆனால் அவர் எண்ணை ஒதுக்கியவர் அல்லர். பிரித்த ஒவ்வொன்றையும் அளந்து பார்க்காமல் அதைப் போல இன்னொன்றை யாரும் செய்துவிட முடியாது. மேதை ஒருவருக்குத் தானாகத் திறந்த கதவை, மேதை அல்லாத ஆயிரம் பேருக்கு நாம்தான் திறந்துவிட வேண்டும்.

கதவு சட்டப்படி திறந்துதான் இருக்கிறது. இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பொறியியல் கல்லூரியிலும் நேரடி இரண்டாம் ஆண்டு. ஆனால் பாலிடெக்னிக் வாசலில் மறுபடியும் கரும்பலகைக் கணக்கு நிற்கிறது. அதைத் தாண்டும் பாலம் ஐ.டி.ஐ. காலத்திலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்கான பாடம் புதிதாகத் தேவையில்லை. ‘ஒர்க்‌ஷாப் கால்குலேஷன்’ என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அது பெஞ்சு போட்ட அறையில் சூத்திரம் எழுதிப் போடும் பாடமாக நடந்தால், பிள்ளை எதைக் கண்டு ஓடிவந்ததோ அதுவே மறுபடியும் எதிரில் வந்து நிற்கும். 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து, ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் நவீன இயந்திரங்களை நிறுவும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கையில் எடுத்தது. நல்ல முயற்சி. அந்த இயந்திரங்களின் திரையில் ஓடுவதெல்லாம் எண். அவற்றின் முன் நிற்கும் பிள்ளை எண்ணைக் கண்டு பின்வாங்காமல் இருக்க, மிகப் பழைய கருவிகளிலிருந்து தொடங்க வேண்டும். 49 மில்லிமீட்டரை 50 பங்காகப் பிரித்த வெர்னியரின் சறுக்கு அளவை விரலால் தள்ளிப் பார்த்து, 0.02 எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடான இயந்திரம் எதுவும் இல்லை.

ஆலைகள் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது தாளில் விழுக்காடு, பின்னம் கேட்டுச் சலிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ரெசிஃபி பிள்ளைகளில் பலரை அந்தத் தேர்வு வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். அதற்குப் பதில், மேசையில் ஒரு பழைய மோட்டார், இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ், ஐந்தாறு ஷிம் தகடுகள், ஒரு வெர்னியர், எண் அழிந்துபோன ஒரு பேரிங். இந்த மோட்டாரின் எந்தக் கால் ஆடுகிறது, எவ்வளவு ஆடுகிறது, எந்தத் தகடுகளைச் சேர்த்தால் ஆட்டம் நிற்கும், இந்த பேரிங்குக்கு என்ன எண் இருந்திருக்கும் என்று கேட்டு அரை மணி நேரம் கொடுக்கலாம். தேறியவர் லைனில் நிற்கும்போது, அவர் இறுக்கும் போல்ட்டின் அளவும் தரமும் முறுக்கும், அது ஏன் அந்த அளவு என்பதும் தமிழில் அவர் கண் முன்னால் ஒட்டியிருக்கட்டும். பச்சை விளக்கு எரிந்தும் சந்தேகம் வந்தால் லைனை நிறுத்தும் கயிற்றை இழுக்கும் உரிமை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இருக்கட்டும். மேலே சொன்ன ஷிம்மும் ஃபீலர் கேஜும் பழைய மோட்டாரும் ஐ.டி.ஐ. பணிக்கூடங்களுக்குப் புதியவை அல்ல. அடுத்த சேர்க்கை தொடங்கும்போது கணக்கு வகுப்பை அந்தக் கூடத்துக்கு மாற்றிவிடலாம். அதற்குத் தேவை கால அட்டவணையில் ஒரு திருத்தமும், எண்ணெய்க் கறை பட்டால் கவலைப்படாத ஓர் ஆசிரியரும்.